ஹீட்டரில் பழுதில்லை, வால்வுதான் இல்லை

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் கார் ஹீட்டர் ஓடவில்லை என்றால் விரல் விறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்று ஆவியாகப் படிந்து, வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாமல் போகுமே, அதுதான் ஆபத்து. கோயம்புத்தூரில் பல வருடம் ஓடிய பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி மேலே கொண்டுவந்தேன். முதல் குளிர்காலத்திலேயே இந்தத் தொல்லை. குமிழை முழுச் சூட்டில் வைத்தாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். குன்னூர் இறக்கத்தில் அதுவும் போய்ப் பச்சைக் குளிர்க்காற்று அடிக்கும்.

முதலில் காட்டிய இடத்தில், ஹீட்டர் கோர் அடைத்திருக்கும், டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்றார்கள். பழைய வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றினால் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைந்து, பிறகு மேடு பள்ளத்தில் எல்லாம் கடகடவென்று ஆடும். அதற்குச் சம்மதிக்கும் முன், பானட்டைத் திறந்தாலே பார்க்க முடிகிறவற்றைப் பார்த்துவிட நினைத்தேன்.

இந்த மாதிரிக் கார்களில் ஹீட்டர் என்று தனி அடுப்பு எதுவும் இல்லை. எஞ்சினைச் சுற்றும் தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது; ஹீட்டர் கோர் என்பது இதுதான். அதன் ஊடே ப்ளோயர் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். சூடு வரவில்லை என்றால் தண்ணீர் அங்கே போகவில்லை, அல்லது போகிற தண்ணீரிலேயே சூடு இல்லை.

ப்ளோயர் எல்லா வேகத்திலும் ஓடியது. இடது பக்கக் கார்பெட் காய்ந்திருந்தது, கூலண்டின் இனிப்பு வாடையும் இல்லை, கோர் ஒழுகவில்லை. எஞ்சின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் நிறைய இருந்தது, ஆனால் துருநிறம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பிறகு வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவந்து ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்திருந்தால் கோர் அடைப்பு, அல்லது கோருக்குத் தண்ணீர் விடும் ஹீட்டர் வால்வு மூடிக்கிடக்கிறது என்று பொருள். இங்கே இரண்டும் ஒரே இளஞ்சூடு. ஆக, தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது, எஞ்சின்தான் சூடேறவில்லை. டெம்பரேச்சர் முள் எப்போதும் 'சி'க்குச் சற்று மேலேயே நின்றதற்கும் இதுதான் காரணம். கடைசியாக ரேடியேட்டரின் முன்னால் பாதியளவு அட்டையை வைத்து, முள்மேல் ஒரு கண் வைத்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினேன். முள் ஏறியது. பின்னாலேயே ஹீட்டரில் நல்ல சூடும் வந்தது.

இதைச் சொன்னதும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் உடனே கேட்டார்: "கீழே ஓடுன வண்டிங்களா சார்? அப்ப தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சிருப்பாங்க."

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கும் வால்வு. அது உட்காரும் ஹவுசிங்கில் இரண்டு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே வால்வு இல்லை, சிலிக்கான் பூச்சு மட்டும் இருந்தது.

வெயில் ஊர்களில் எஞ்சின் காயும் என்று பயந்து இந்த வால்வை எடுத்துவிடுவது பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடானால் வால்வு தானாக முழுதும் திறந்துகொள்கிறது. அப்போது அது இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அடைத்துப்போன ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் வால்வைப் பழி சொல்கிறார்கள். வால்வு இல்லாவிட்டால், கிளப்பிய நிமிடம் முதலே தண்ணீர் ரேடியேட்டருக்குள் போய் ஆறிவிடுகிறது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். சில எஞ்சின்களில் வால்வை எடுத்தால் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்கே திரும்பி, சூடு கூடவும் செய்யும்.

எங்கள் எஞ்சினுக்கு உரிய 82 டிகிரி வால்வை வாங்கி, மாட்டும் முன் பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பார்த்தோம், திறந்தது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். 88 டிகிரி வால்வாக இருந்தால் இங்கே பாத்திரத்தில் லேசாக வாய் திறக்கும், முழுதும் திறக்காது. அதைப் பார்த்துப் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

பழைய துருநீரை வடித்து, இரண்டு முறை அலசி, கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றினோம். காற்றை வெளியேற்றத்தான் நேரம் பிடித்தது. வண்டியின் மூக்கு மேடு பார்க்க நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடியே கிளப்பிக் குமிழி அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே காற்று தங்கிவிட்டால் புது வால்வு போட்டும் ஹீட்டர் சூடாகாது. ஹீட்டர் வால்வின் கேபிள் சற்றுத் தளர்ந்திருந்தது, அதையும் இழுத்துக் கட்டினார்.

இப்போது கொஞ்ச தூரம் போனதுமே கண்ணாடி தெளிந்துவிடுகிறது. மே மாத வெயிலில் கோயம்புத்தூர் போய்வந்தபோதும் முள் நடுவை விட்டு நகரவில்லை. கீழே ஓடிய பழைய வண்டியை மலைக்கு வாங்குகிறவர்கள், காலையில் ஆறிய எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸை விசிறியில் கைபடாமல் தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் சில நிமிடம் சில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால், டேஷ்போர்டைத் தொடவிடாமல் முதலில் ஹவுசிங்கைத் திறக்கச் சொல்லுங்கள்.