திருநெல்வேலி பி.காம் டு மும்பை ஈக்விட்டி ரிசர்ச்: காலேஜ் பேரு எங்க இடிச்சது, எங்க இடிக்கல

ஊர்ப்பக்கத்துப் பசங்க அடிக்கடி கேக்குறது, "அண்ணே, ஐஐஎம் போகாம மும்பைல ஃபைனான்ஸ் வேலை கிடைக்குமா?" கிடைக்கும். எந்த வேலைங்கிறதுலதான் விஷயமே இருக்கு. நான் வந்து சேந்தது ஈக்விட்டி ரிசர்ச், அதாவது ஒரு கம்பெனி கணக்க அலசி அதோட ஷேர வாங்கலாமா விக்கலாமான்னு ரிப்போர்ட் எழுதுற வேலை.

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு சாதாரண காலேஜ்ல பி.காம். மாட்டுங்கால ரூம், மலாட்ல ஒரு கேபிஓ (வெளிநாட்டுக் கம்பெனிகளோட அனலிசிஸ் வேலைய இங்கேர்ந்து செஞ்சு குடுக்குற ஆபீஸ்), வெளிநாட்டு பேங்க்குக்கு எக்செல் ஷீட் அப்டேட் பண்ணிக் குடுக்கணும். அங்க யாரும் காலேஜ் கேக்கல. ஃப்ரண்ட் ஆபீஸ் (டீல், கிளையன்ட்னு நேரடியா பாக்குற வேலை) பக்கம் தாவலாம்னு பாத்தப்பதான் இடிச்சது. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (கம்பெனிகளுக்குப் பணம் திரட்டுறது, கம்பெனிய வாங்கி விக்குற டீல முடிச்சுக் குடுக்குறது) டீம்லாம் ஃப்ரெஷர்ஸ பெரும்பாலும் கேம்பஸ்ல எடுக்குறாங்க, அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம், டெல்லி எஃப்எம்எஸ், இங்க சர்ச்கேட் ஜேபிஐஎம்எஸ்னு ஒரு சின்ன லிஸ்ட்தான், அதுலயும் நிறைய சீட் சம்மர் இன்டர்ன்ஷிப்லயே முடிஞ்சிருது. போர்ட்டல்ல அப்ளை பண்ணா பதிலே வராது. ஒரு ஹெச்ஆர் மேடம் மட்டும் போன்லயே சொல்லிட்டாங்க, டியர் ஒன் (Tier 1, அதாவது முதல் வரிசை) காலேஜ் மட்டும்தான்னு. கோவம் வந்துச்சு, ஆனா மலை மாதிரி ரெஸ்யூம் குவியுற எடத்துல அவங்களும் எதையாவது வெச்சுத்தான கழிக்கணும்.

வேலை பாத்துக்கிட்டே சிஎஃப்ஏல (மூணு லெவல் உள்ள சர்வதேச ஃபைனான்ஸ் பரீட்சை) ரெண்டு லெவல் முடிச்சேன், நிஸ்ம் ரிசர்ச் அனலிஸ்ட் பரீட்சையும் எழுதினேன் (பங்குச் சந்தைய கண்காணிக்கிற செபி 2014ல போட்ட ரூல்ஸ்படி இந்த வேலைக்கு அது வேணும்). இது ரெண்டும் இருந்தா ரெஸ்யூம ஒதுக்க மாட்டாங்க, அவ்ளோதான். காரியம் ஆனது நானா எழுதின ஒரு ரிப்போர்ட்டாலதான். எல்லாரும் ஐடி, பேங்க்னு எழுதுவாங்க, நான் எடுத்தது லிஸ்ட் ஆன ஒரு ஸ்பின்னிங் மில், பெரியப்பா ராஜபாளையத்துல மில்லுலதான் இருந்தாரு, பஞ்சு கணக்கு சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்ததுதான். புரோக்கரேஜ் ரிப்போர்ட் முதல் பக்கத்துலயே அனலிஸ்ட் மெயில் ஐடி போட்டிருக்கும், அத எடுத்து ஒவ்வொருத்தருக்கா அனுப்பினேன். நிறைய பேரு கண்டுக்கல. லோயர் பரேல்ல ஒரு சின்ன புரோக்கரேஜ்ல கூப்பிட்டாங்க.

உக்காந்ததுமே அந்த சார் கேட்டது, "கம்பெனிக்கு இவ்ளோ கடன் இருக்கே, நீங்க ஏன் பயப்படல?" பஞ்சு வரத்து அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் ஜாஸ்தி, மில்லுக்காரங்க சீசன்லயே கடன் வாங்கி ஸ்டாக் பண்ணிடுவாங்க, அதனால மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்ல கடன் பயங்கரமா தெரியும், செப்டம்பருக்குள்ள அந்த ஸ்டாக் கரைஞ்சு கடனும் எறங்கியிருக்கும், அரையாண்டு பேலன்ஸ் ஷீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார்னு சொன்னேன். அப்புறம் பேச்சே மாறிடுச்சு, பஞ்சு விலை விழுந்தா கையில இருக்குற ஸ்டாக் என்ன ஆகும்னு அவரு கேக்க, நான் சொல்லனு ரொம்ப நேரம் ஓடுச்சு. அடுத்து மாடலிங் டெஸ்ட், ஒரு ஆன்னுவல் ரிப்போர்ட்டும் காலி எக்செலும் குடுத்து, மூணு ஸ்டேட்மென்ட்டையும் (லாப நஷ்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ) லிங்க் பண்ணி பேலன்ஸ் ஷீட்ட டேலி ஆக்கச் சொன்னாங்க. கேபிஓ பொழப்பு அங்க கைகொடுத்துச்சு.

காலேஜ் பேரு மறுபடி வந்தது சம்பளம் பேசும்போது. பழைய சிடிசிக்கு (கம்பெனி நமக்குப் பண்ற மொத்த வருஷச் செலவு) மேல கொஞ்சம் சேத்துக் குடுத்தாங்க, பக்கத்து சீட் எம்பிஏ பையனுக்கு அதே வேலைக்கு நல்லாவே ஜாஸ்தி. அது இன்னும் முழுசா சரியாகல.

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்ல எம் அண்ட் ஏ (கம்பெனிகள வாங்குறது, இணைக்கிறது) தான் வேணும்னா கேட் (CAT, ஐஐஎம் நுழைவுத் தேர்வு) எழுதி பெரிய காலேஜுக்கே போங்க. ரிசர்ச், கிரெடிட் (கடன் குடுத்தா திரும்ப வருமான்னு கணக்கு பாக்குற வேலை) பக்கம்னா பேர் தெரியாத காலேஜ் எம்பிஏவுக்கு லட்சக்கணக்குல கொட்டுறதுக்கு சிஏ பண்ணலாம், செலவு கம்மி, 2023லேர்ந்து ஆர்ட்டிகிள்ஷிப்பும் (ஆடிட்டர்கிட்ட எடுக்குற ட்ரெய்னிங்) ரெண்டே வருஷம்தான்.