மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் (விஎஃப்டி) ஓடினால் சென்சார் தப்பாக எண்ணுகிறதா?

உடனே சென்சாரை மாற்றாதீர்கள். டிரைவை நிறுத்தியதும் எண்ணிக்கை சரியானால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில்தான்.

டிரைவிலிருந்து மோட்டாருக்கு ஷீல்டு கேபிள் (வயர்களைச் சுற்றி உலோக வலை உள்ளது), அந்த ஷீல்டுக்கு இரண்டு முனையிலும் எர்த். ஷீல்டை வால் மாதிரி முறுக்கி போல்ட்டில் மாட்டுவதுதான் இங்கே வழக்கம். உயர் அதிர்வெண்ணுக்கு அந்த வாலே தடை. கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, சுற்றிலும் கவ்வும் மெட்டல் கிளாம்ப் போடுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் உப்புக்காற்றில் சுரண்டிய இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள்.

24 வோல்ட் சிக்னல் வயர் மோட்டார் கேபிளிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓடட்டும், குறுக்கிட்டால் 90 டிகிரியில். காயில் அணையும்போது எழும் மின் துள்ளலையும் அடக்குங்கள்: டிசி ரிலே காயிலுக்கு இணையாக 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ஏசி கான்டாக்டர் (பெரிய ரிலே மாதிரி) காயிலுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர். அங்கே டையோடு போட்டால் புகைதான்!