பெர்லின் நாட்குறிப்பு: பார்க்கலாம், தொடக்கூடாது

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு

இன்று இங்கே நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லை. ஏழு வருஷமாக நொய்க்கோல்னில் குடியிருந்து வரி கட்டுகிறேன், ஆனால் ஓட்டு குடிமக்களுக்குத்தான். சரி, வேடிக்கையாவது பார்ப்போம் என்று முதல் மாடி அம்மாவோடு கிளம்பினேன். அவருக்கு 78 வயது, மூட்டுவலி. படியிறங்க ஒரு கை வேண்டும்.

வாக்குச்சாவடி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில். வாசலில் கட்சிக்காரர் பந்தல் இல்லை, விரலில் மை இல்லை. சீட்டுதான் முழ நீளம். இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர்கள், வலப்பக்கம் நீலத்தில் கட்சிகள். ஆளுக்கு இரண்டு ஓட்டு. யாருக்கு எத்தனை இடம் என்று முடிவு செய்வது நீலம்தான்.

மறைப்புக்குள் போன அம்மா வெளியே வரவே இல்லை. பின்னால் நின்றவர் இருமிப் பார்த்தார். திரும்பும் வழியில் அம்மா விளக்கம் சொன்னார். அவர் கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர். அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஓட்டுப் போடப் போவதையே ‘மடிக்கப் போகிறோம்’ என்பார்களாம். இருப்பது ஒரே பட்டியல். சீட்டை வாங்கி, எதுவும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். மறைப்புக்குள் நுழைந்தாலே சந்தேகம். 1989 மே உள்ளாட்சித் தேர்தலில் 98.85 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்த நவம்பரில் சுவரே திறந்துவிட்டது. “அதனால் இப்போதெல்லாம் உள்ளே போனால் அவசரப்படுவதில்லை” என்றார்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தனியாக மறுபடி போனேன். ஓட்டு எண்ணுவதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம் என்பது சட்டம், வெளிநாட்டுக்காரனும்தான். பெட்டியைக் குழந்தைகளின் மேசைமேல் கவிழ்த்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் எண்ணுகிறவர்கள். ஒருவர் கேக் கொண்டுவந்திருந்தார். சீட்டுகள் குவியல் குவியலாகப் பிரிந்தன. ஒரு சீட்டு நழுவி என் செருப்பருகே விழுந்தது. குனிந்தேன். “தொடாதீர்கள், தயவுசெய்து” என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்து எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

பிப்ரவரி 24

வாக்குப்பதிவு 82.5 சதவீதம். 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு இவ்வளவு பேர் வந்ததில்லை. மெர்ஸ் தலைவராக இருக்கும் சி.டி.யு. கட்சியின் கூட்டணிக்கு முதலிடம். இரண்டாவது 20.8 சதவீதத்தோடு தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. போன தடவையைப்போல இரண்டு மடங்கு. கிழக்கு மாநிலங்களின் வரைபடம் கிட்டத்தட்ட முழுக்க அவர்களுடைய நீலம். எங்கள் நொய்க்கோல்ன் தொகுதியிலோ இடதுசாரிக் கட்சி ஜெயித்திருக்கிறது.

மத்தியானம் டோனர் கடையில் இதே பேச்சு. கடைக்காரரை எல்லோரும் ‘ஆபி’ என்பார்கள், துருக்கி மொழியில் அண்ணன். ஒரு டோனர் இப்போது ஏழரை யூரோ. விலைக்கு 4.90 என்று உச்சவரம்பு போட வேண்டும் என்று போன வருஷம் இதே இடதுசாரிக் கட்சி கேட்டது. “அவங்களுக்குத்தான் போட்டேன். ஆனா 4.90க்கு எங்கிட்ட கேக்கக்கூடாது” என்று கத்தியைத் தீட்டினார் ஆபி.

மார்ச் 14, வெள்ளி

நோன்பு மாதம். சூரியன் மறையும் நேரத்தில் ஸோனன் அலே தெருவில் நடந்தால் வயிறு நிறைந்தவனுக்கும் பசிக்கும். கத்தாயெஃப் என்ற அரபு இனிப்பு வாங்க ஒரு கூட்டம். நம் ஊர்ப் பள்ளிவாசலில் தூக்குவாளியோடு நோன்புக் கஞ்சிக்கு நின்றது நினைவுக்கு வந்தது. இங்கே கஞ்சி இல்லை, பருப்பு சூப்.

ஏப்ரல் 26

ஷ்பார்கல் வந்துவிட்டது. வெள்ளை அஸ்பராகஸ். மண்ணை மேடாக அணைத்து வெயில் படாமல் வளர்ப்பதால் அந்த நிறம். பெர்லினுக்கு பேலிட்ஸ் ஊரிலிருந்து வரும். தோண்டியெடுப்பது பெரும்பாலும் ருமேனியா, போலந்திலிருந்து வரும் கூலிக்காரர்கள். ஆறு மாதம் உருளைக்கிழங்கும் கோஸுமாகத் தின்ற ஜனங்கள் இதைக் கண்டால் காதலிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அம்மா உரிக்கக் கற்றுத்தந்தார்: நுனிக்குக் கீழே தொடங்கி, வேர்ப்பக்கம் இழுத்து, இரண்டு சுற்று. தோலைக் கொட்டாமல் அதிலேயே சூப். அப்புறம் வேகவைத்து வெண்ணெய் சாஸ், பன்றித்தொடைத் துண்டு. எனக்கு அது பத்தியச் சாப்பாடாகத்தான் பட்டது. மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, கடுகு, உளுந்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்து கொடுத்தேன். ஷ்பார்கலை நறுக்கியதற்கே முகம் போனது, தேங்காயைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே இனத்துச் செடி என்றேன். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார், முடியவில்லை.

மே 6, செவ்வாய்

அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. பிரதமர் ஆவதற்கு மெர்ஸுக்கு நாடாளுமன்றத்தில் 316 ஓட்டு வேண்டும். எஸ்.பி.டி. கட்சியையும் சேர்த்த ஆட்சிக் கூட்டணிக்கு 328 பேர் இருந்தும் விழுந்தது 310. முதல் சுற்றில் ஒருவர் தோற்றது இந்தக் குடியரசில் இதுதான் முதல் தடவை. ரகசிய ஓட்டு, காலைவாரியது யாரென்று தெரியாது. கூவத்தூர் பார்த்த எனக்கு, ரிசார்ட் எங்கே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கெல்லாம் நேரமில்லை. சாயங்காலமே 325 ஓட்டோடு பதவியேற்றுவிட்டார்.

மே 8

போர் முடிந்து 80 வருஷம். பெர்லினில் மட்டும், இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், விடுமுறை. ட்ரெப்டோ பூங்காவின் சோவியத் நினைவிடத்துக்கு அம்மாவோடு போனேன். கையில் குழந்தை, மறு கையில் வாளோடு பிரம்மாண்டமான சிப்பாய் சிலை. சுற்றிலும் ஏழாயிரம் வீரர்கள் புதைந்திருக்கிறார்கள். பள்ளி நாட்களில் இங்கே பூ வைக்க அழைத்து வருவார்களாம். உக்ரைன் போரால் இப்போது ரஷ்யக் கொடிக்குத் தடை. கொடிக்குப் பதில் கார்னேஷன் பூ நிறைந்திருந்தது. அம்மா ஒன்று வாங்கினார், நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார், கடைசியில் வைத்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் குனிய முடியாமல் என்னிடம் துணியைக் கொடுத்தார். நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கல் பதித்திருக்கிறது. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, ஒரு யூதப் பெண்ணின் பெயர், பிறந்த வருஷம், நாஜிகள் கொண்டுபோன தேதி. உப்பும் வினிகரும் தொட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஷ்பார்கலுக்கு இன்றோடு சரி. ‘செர்ரி சிவந்தால் ஷ்பார்கல் செத்தது’ என்று பழமொழியே இருக்கிறது. அடுத்த வருஷத்துக்குச் செடி தேற வேண்டுமாம்.

மேசை இழுப்பறையில் குடியுரிமை விண்ணப்பம் பாதி எழுதிக் கிடக்கிறது. போன ஜூனிலிருந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமைக்குச் சம்மதம், இந்தியா சம்மதிக்காது. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம், அதில் ஓட்டு கிடையாது. ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தாலும் நேரில் போனால்தான் போட முடியும். ஏழு வருஷத்தில் ஒருமுறைகூடப் போகவில்லை. பிறகு எதற்கு யோசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தேர்வுக்கு மட்டும் படிக்கிறேன். மொத்தம் 310 கேள்விகள் (மெர்ஸின் எண்!), அதில் 33 வரும், 17 சரியாக இருந்தால் போதும். அம்மா கேள்வி கேட்க, நான் உரித்துக்கொண்டே பதில் சொன்னேன். 29 தேறியது. ‘ஜெர்மனியில் தேர்தல் சுதந்திரமானது, அப்படியென்றால் என்ன?’ என்பதைப் படித்துவிட்டு, விடையைப் பார்க்காமலே அடுத்த பக்கம் திருப்பினார்.

கடைசிக் கட்டு கொஞ்சம் நார். “நறுக்கிவிடு” என்றார். “அந்தத் தேங்காய் இருக்கிறதா?”