வெள்ளவத்தை மணலில் மூன்று டிடெக்டர்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அப்புறம் எத்தனை அடி ஆழம் போகும் என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: காய்ந்த மணலில் தேடப்போகிறீர்களா, ஈர மணலிலா? கொழும்பில் இருக்கிற எங்களுக்கு மலிவானதா, நடுத்தரமா, உச்ச விலையா என்ற கேள்வி அநேகமாக அந்தப் பதிலோடேயே முடிந்துவிடும்.

நான் உயர்தர வகுப்பு (ஏ/எல்) மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம். ரயில் பாதையைக் கடந்தால் கடல். வகுப்பில்லாத காலை நேரங்களில் வெயில் ஏறும்வரை கருவியோடு அங்கேதான் இருப்பேன். யாராவது மோதிரத்தையோ தோட்டையோ மணலில் தொலைத்துவிட்டு அழைத்தால் தெஹிவளை, கல்கிசை வரைக்கும் போவேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

என் கைக்கு நன்றாகப் பழகியவை மூன்று. முதலாவது, துருக்கியின் நொக்டா நிறுவனம் செய்த சிம்பிளெக்ஸ் பிளஸ். வெளிநாட்டில் ஏறக்குறைய 300 டொலருக்கு விற்றார்கள். இரண்டாவது அதே நிறுவனத்தின் லெஜண்ட், சுமார் 600 டொலர். நான் நடுத்தரம் என்று சொல்வது இதைத்தான். மைன்லாப் நிறுவனத்தின் ஈக்வினொக்ஸ் வரிசையையும் இதனோடு சேர்க்கலாம். மூன்றாவது பிரான்சின் எக்ஸ்.பி. நிறுவனத்தின் டியூஸ் 2. ஹெட்ஃபோன், ரிமோட் எல்லாம் சேர்த்தால் 1,500 டொலரைத் தொடும். அது என்னுடையதல்ல. பாரிஸில் இருக்கிற மச்சான் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. அவர் வெள்ளவத்தையில் நின்ற நாட்களில் அவர் தூங்க, நான் அதை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். வரியைச் சேர்க்காமலே சிம்பிளெக்ஸுக்கும் டியூஸுக்கும் இடையில் மூன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசம். அந்த மூன்றரை லட்சம் எதைத் தருகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்ந்த மணலில், சொல்லப்போனால், பெரிதாக ஒன்றும் தரவில்லை. என் மோதிரத்தில் நீளமாக நூல் கட்டி, ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மூன்றையும் மாறி மாறி மேலே வீசிப் பார்த்தேன். மூன்றும் தெளிவாகச் சத்தம் போட்டன. கருவியின் அடியில் இருக்கிற வட்டத் தட்டைத்தான் சுருள் என்கிறோம். சுருளின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு ஆழத்தில்தான் எந்தக் கருவியும் ஒரு நாணயத்தைப் பிடிக்கும். பதினொரு அங்குலச் சுருளுக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. விலையைக் கூட்டினால் அந்த எல்லையில் சத்தம் இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

ஈர மணல் வேறு கதை. உப்புத்தண்ணீர் மின்னைக் கடத்தும். அலை வந்து திரும்பிய மணலின் மேல் சுருளைப் பிடித்தால், அந்த மணல் முழுவதுமே கருவிக்கு ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடுபோலத் தெரியும். கருவி அனுப்பும் சைகைக்கும் திரும்பி வரும் சைகைக்கும் இடையிலான அவத்தை வித்தியாசத்தை, அதாவது ஒன்று மற்றதற்கு எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்துத்தான் அது இரும்பு, தங்கம், வெள்ளி என்று பிரித்துப் பார்க்கிறது. உப்பு மணலின் அவத்தை வித்தியாசமும் சிறிய தங்கத்தின் அவத்தை வித்தியாசமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. சிம்பிளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே மீடிறனில் (அதிர்வெண்ணில்) வேலை செய்வது. உப்பை ஒதுக்கச் சொன்னால் சின்னத் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடும். ஒதுக்காமல் விட்டால் ஒவ்வொரு அலைக்கும் கத்தும். உணர்திறனைக் குறைத்தால் அமைதியாகும், ஆனால் ஆழமும் போய்விடும்.

லெஜண்டும் டியூஸும் ஒரே நேரத்தில் பல மீடிறன்களை அனுப்புகின்றன. மீடிறன் மாறும்போது உப்பு மணல் பதில் சொல்லும் விதமும் தங்கம் பதில் சொல்லும் விதமும் ஒன்றுபோல மாறுவதில்லை. அந்த வித்தியாசத்தைக் கணித்து, உப்பை மட்டும் கழித்துவிட முடிகிறது. இந்த வேலையை ஒரு காலத்தில் மைன்லாபின் எக்ஸ்காலிபர், சி.டி.எக்ஸ். 3030 போன்ற விலை கூடிய கருவிகள்தான் செய்தன. 2018இல் ஈக்வினொக்ஸ் வந்தது, அப்புறம் லெஜண்ட் வந்தது. அவற்றோடு அது நடுத்தர விலைக்கு இறங்கிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் சமீபத்தில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். மூன்றரை லட்சத்தில் எங்களுக்குத் தேவையான பங்கை லெஜண்டே தந்துவிடுகிறது.

தெஹிவளைக் கரையில் ஒரு இளம் தாய் தோட்டைத் தொலைத்தார். அலையில் கால் நனைக்கும்போது இடுப்பிலிருந்த பிள்ளை காதைப் பிடித்து இழுத்திருக்கிறது. சுரை கழன்று தோடு விழுந்துவிட்டது. "அக்கா, இது அம்மா போட்டிருந்த தோடு. வேற ஒண்டு வாங்கலாம் எண்டு இவர் சொல்றார், எனக்கு மனசு கேக்குதில்ல" என்று சொன்னார். ஈர மணல், கறுப்புக் கனியம் கலந்த திட்டு. முதலில் சிம்பிளெக்ஸை ஓட்டினேன். உணர்திறனைக் குறைத்துக் குறைத்து அது அமைதியான நேரத்தில் தோடும் அதற்குத் தெரியாமல் போயிருந்தது. லெஜண்டைக் கடற்கரை முறையில் போட்டு, அவர் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் இழுத்த பக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். இரண்டு சிகரட் பெட்டித் தாள்களுக்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம். என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் வரும் எண் மிகவும் குறைவு, ஆனால் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதே எண். இப்படி ஆடாமல் நிற்கிற குறைந்த எண்ணை விடவே கூடாது. ஓட்டை போட்ட அகப்பையில் அள்ளி அலையில் அலசினேன். மணல் போனது, சிப்பித் துண்டுகளுக்கு நடுவில் சிவப்புக் கல் தெரிந்தது. அவர் அதை வாங்கி, கழுவக்கூட இல்லாமல், காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். சுரை கிடைக்கவில்லை. அது அவ்வளவு சிறியது.

பிறகு என்னுடைய தோட்டை அதே மாதிரி மணலில் புதைத்து டியூஸையும் பார்த்தேன். லெஜண்டை விட இரண்டு மூன்று விரல் ஆழம் அதிகமாகப் பிடித்தது. அந்த இரண்டு மூன்று விரலுக்கு தொள்ளாயிரம் டொலர் கொடுக்கலாமா என்று கேட்டால், அன்று விழுந்த நகையைத் தேடுகிறவருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது அன்று மாலைக்குள் அவ்வளவு ஆழம் போய்விடாது.

சங்கிலி தொலைத்தவர்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். எந்த விலைக் கருவியும் மெல்லிய சங்கிலியைச் சரியாகப் பிடிப்பதில்லை. மோதிரம் முழு வளையம், அதில் மின்னோட்டம் நன்றாகச் சுற்றும். சங்கிலியோ தொட்டும் தொடாமலும் இருக்கிற நூற்றுக்கணக்கான சின்ன வளையங்கள். கருவிக்குக் கேட்பது அநேகமாகக் கொளுக்கியும் பென்டனும் மட்டும்தான். தாலிக்கொடியாக இருந்தால் தாலி கேட்கும், கொடி அவ்வளவாகக் கேட்காது. சங்கிலி என்று யாராவது அழைத்தால் நான் கேட்பது பென்டன் இருந்ததா, எவ்வளவு பெரியது என்றுதான். பவுன் கணக்கு அங்கே உதவாது.

டியூஸ் தன் விலையைக் காட்டிய இடம் ரயில் பாதை ஓரம். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் கரையை ஒட்டியே பாதை போகிறது. மணலில் துருப்பிடித்த ஆணி, போல்ட், தகட்டுத் துண்டு, எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு ஆணிக்குப் பக்கத்தில் நாணயம் இருந்தால், மெதுவான கருவி ஆணியின் சத்தத்திலிருந்து மீளுவதற்குள் சுருள் நாணயத்தைத் தாண்டிவிடும். டியூஸ் அந்த நேரத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. அதோடு எடை. சுருளிலிருந்து ரிமோட்டுக்கு வயரே இல்லாத அந்தக் கருவி முக்கால் கிலோதான் வரும். லெஜண்ட் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு மணித்தியாலம் வீசினால் தோள் அதைச் சொல்லும். தோள்வலி உள்ளவர்கள் இதை ஆடம்பரம் என்று நினைக்கத் தேவையில்லை. இருபது மீற்றர் ஆழம்வரை தண்ணீருக்குள் போகும் என்பதும் உண்மை. ஆனால் வானொலி அலை தண்ணீருக்குள் போகாது என்பதால் சுழியோடும்போது தனியாக ஒரு அன்டெனா வயர் மாட்டவேண்டும். மூச்சடக்கிச் சுழியோடுகிறவர்களுக்கு அது பயன்படும். முழங்கால் தண்ணீரில் நிற்கிற எனக்கு லெஜண்டின் மூன்று மீற்றரே தாராளம்.

சோடா மூடி விஷயத்தில் விலை கூடியவைக்கும் தனிச் சிறப்பு இல்லை. பல மீடிறன் கருவிகளுக்குத் தட்டையான உருக்கு மூடி நல்ல உலோகம்போலக் கேட்பது தெரிந்த குறை. மூடியை ஒதுக்கும் அமைப்பு லெஜண்டிலும் இருக்கிறது, டியூஸிலும் இருக்கிறது. இரண்டிலும் அதைக் கூட்டினால் நல்லதும் சிலது போகும்.

எங்கள் நாணயங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், வெளிநாட்டுக் காணொளிகளில் இது இருக்காது. 2005இல் வந்த ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் குற்றிகள் உருக்கின் மேல் பித்தளை பூசியவை, இரண்டு ரூபாய் நிக்கல் பூசியது. 2017இல் வந்தவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கருவியில் இரும்பை ஒதுக்கு என்று போட்டுவிட்டு நடந்தால் இவற்றில் கனக்கப் போய்விடும். 1940களில் அடித்த சதுர ஐந்து சதமும், 1944இல் அடித்த நெளிந்த விளிம்பு இரண்டு சதமும் நிக்கல் கலந்த பித்தளை. அவை மணிபோலக் கேட்கும். அப்படி ஒரு இரண்டு சதம், ஆறாம் ஜோர்ஜின் முகத்தோடு, கைக்கு வந்தபோது நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் பழையது கிடைத்தால் அது எங்களுடையதல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது தொல்பொருள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை போட்ட செம்புக் காசு அதற்குள் வந்துவிடும். தட்டுப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அநுராதபுரத்துப் பக்கமும் வன்னியிலும் புதையல் தோண்டிப் பிடிபடுகிறவர்களின் செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். பழைய விகாரையையும் கோயிலையும் உடைத்துத் தேடுகிற அந்த வேலைக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. யுத்தம் நடந்த நிலங்களில் கருவியோடு இறங்கவே வேண்டாம். முகமாலையில் ஹலோ ட்ரஸ்ட் பணியாளர்கள் டிடெக்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக முழங்காலில் நகர்ந்து கண்ணிவெடி எடுக்கிற நிலம் அது. இங்கேயும் கருவி வாங்குவதற்கு முன்னால் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சான் விமானம் ஏறுவதற்கு முன்பே அதை முடித்திருந்தார்.

இணையத்தில் பத்து மீற்றர் ஆழத்துத் தங்கத்தைக் காட்டும் ஸ்கேனர் என்று அன்டெனா வைத்த கருவிகளை டியூஸை விடவும் கூடிய விலைக்கு விற்கிறார்கள். கையில் பிடிக்கும் எதுவும் அப்படி வேலை செய்யாது. ஏ.டி.இ. 651 என்ற பெயரில் இப்படியொரு அன்டெனாக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிப்பது என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கோர்மிக் என்ற பிரித்தானியருக்கு 2013இல் பத்து ஆண்டுச் சிறை கிடைத்தது. உள்ளே வேலை செய்கிற பாகமே இல்லாத அந்தக் கருவியை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கடலில் போட்டது தட்டுப்பட்டால் நான் எடுப்பதில்லை. செம்புச் சொம்போ காசோ, திரும்பவும் அலைக்குள்ளேயே எறிந்துவிடுவேன். யாரோ தங்கள் ஆளுக்குக் கொடுத்தது அது.

ஆகவே கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: பூங்காவுக்கும் காய்ந்த மணலுக்கும் சிம்பிளெக்ஸ் போதும். கடலோரம் என்றால் லெஜண்டோ ஈக்வினொக்ஸோ வாங்குங்கள். மிச்சக் காசில், தோண்டிய மணலுக்குள் பொருள் எங்கே என்று காட்டுகிற சின்னக் கைக்கருவியான பின்பொயின்டரும் நல்ல அகப்பையும் எடுங்கள். பின்பொயின்டர் இல்லாமல் தோட்டைத் தேடினால் விரல்தான் தேயும். அகப்பையை நான் பஞ்சிகாவத்தையில் ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தேன். ஸ்டெயின்லெஸ் தகடு, நீளமான குழாய்ப் பிடி. ஓட்டை ஏழு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைக்காரர் மணல் சீக்கிரம் விழட்டும் என்று பத்துப் போடப் பார்ப்பார். பத்தில் தோடும் விழுந்துவிடும்.