மாஸ்டர் டேட்டாவில் கீ குழம்பியதும் மீட்டதும்

விற்பனைப் பிரிவு, கணக்குப் பிரிவு ஆகிய இரண்டின் வாடிக்கையாளர் பதிவுகளையும் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தள மென்பொருளில் முதன்மைத் தரவை ஒரே இடத்தில் பேணும் மாஸ்டர் டேட்டா சர்வீசஸில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் கீயை எங்கிருந்து எடுப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. இரு அமைப்புகளிலும் வாடிக்கையாளர் எண் இருந்ததால், அதையே, பதிவின் கீ இருக்க வேண்டிய ‘கோட்’ பத்தியில் இட்டுவிட்டேன்.

விற்பனை எண்கள் 000417 என்பதுபோல ஆறு இலக்கம் கொண்டவை. சரிபார்ப்பதற்காகக் கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்தபோது முன்னிருந்த பூஜ்யங்கள் உதிர்ந்து 417 மட்டும் எஞ்சியது. கணக்கு அமைப்பிலோ 417 முற்றிலும் வேறொரு வாடிக்கையாளரைக் குறித்தது. ஒரே பேட்சில், அதாவது ஒரே தடவை அனுப்பும் தொகுப்பில், ஒரே கோட் இரண்டு முறை வந்திருந்தால், ஸ்டேஜிங் என்னும் இடைநிலைக் கட்டத்திலேயே பிழை என்று நின்றிருக்கும். நான் இரண்டு கோப்புகளையும் தனித்தனி பேட்சாக அனுப்பியிருந்தேன். வரும் வரியை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் எண்தான் இம்போர்ட் டைப். நான் கொடுத்திருந்த 0 என்றால், கோட் புதிதாயின் பதிவை உருவாக்கும், ஏற்கெனவே இருந்தால் காலியாக இல்லாத மதிப்புகளை மட்டும் மேலெழுதும். எனவே இரண்டாவது ஏற்றமும் எல்லா வரிகளிலும் வெற்றி என்றே காட்டியது.

பிறகு ஒரு பதிவைத் தற்செயலாகத் திறந்தேன். பெயரும் முகவரியும் கணக்குப் பிரிவின் வாடிக்கையாளருடையவை. தொலைபேசி எண் மட்டும் விற்பனைப் பிரிவினுடையது, ஏனெனில் இரண்டாவது கோப்பில் அந்தப் பத்தி காலியாக இருந்தது. இரு வேறு மனிதர்களை ஒரே பதிவாக ஒட்டியிருந்ததைக் கண்டபோது மனம் மிகவும் பதைத்தது.

மீட்பதும் எளிதாக இல்லை. முதலில் இம்போர்ட் டைப் 3 கொடுத்துப் பதிவுகளைச் செயலிழக்கச் செய்தேன். அதில் பதிவு மறைகிறதே தவிர, கோட் விடுபடுவதில்லை. அதே கோடுடன் மறுபடி ஏற்ற முயன்றபோது அமைப்பு மறுத்துவிட்டது. நிரந்தரமாக நீக்கும் 4-ஐப் பயன்படுத்திய பிறகே வழி பிறந்தது.

இம்முறை கோடாக எந்த மூல எண்ணையும் வைக்கவில்லை. பொருள் எதுவும் பொதியாத ஒரு தொடர் எண்ணை நாங்களே வழங்கினோம். மூல அமைப்பின் பெயர், அதன் கீ, எங்கள் தொடர் எண் ஆகிய மூன்றையும் தனியொரு என்டிட்டியில் (அட்டவணை போன்றது) வைத்தோம். ஒவ்வொரு வரியும் வரும்போது முதலில் மூல அமைப்பின் பெயரும் கீயும் சேர்ந்த இணையை அதில் தேடுவோம். இருந்தால் பழைய எண், இல்லையென்றால் புதிய எண். இரு பதிவுகள் ஒருவரையே குறிப்பதாகப் பின்னால் தெரிந்து அவற்றை இணைத்தாலும், இரண்டு மூலக் கீகளையும் எஞ்சிய பதிவை நோக்கியே வைத்திருக்கிறோம். இல்லையேல் அடுத்த ஏற்றத்தில் நீக்கிய பதிவு மறுபடி முளைத்துவிடும்.

மூலக் கீயை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகவே கையாளுகிறோம். எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களில் எஞ்சியவற்றைப் பூஜ்யமாக்கிவிடும் என்பதால், இடையில் அதில் திறந்து சேமிப்பதையே நிறுத்திவிட்டோம். முதல் ஏற்றத்தை இம்போர்ட் டைப் 1-இல் செய்யுமாறு யாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் அது புதியவற்றை மட்டும் உருவாக்கி, ஏற்கெனவே உள்ள கோட் மதிப்பைத் தொடும் வரியைப் பிழையாக நிறுத்துகிறது. எங்களுடைய இணை என்டிட்டியில் அப்படி இரண்டு வரிகள் நின்றன. அவற்றின் கீகள் ஆங்கில எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களில் மட்டுமே வேறுபட்டன; எங்கள் தரவுத்தளம் இரண்டையும் ஒன்றாகவே கருதியது. மூல அமைப்பைப் பராமரிப்பவரிடம் கேட்டேன். இருவரும் வெவ்வேறு வாடிக்கையாளர்களே என்றார். அவ்விரண்டு கீகளுக்கும் தனிக் குறி சேர்த்து ஏற்றி முடித்தேன்.