குதிகால் உடைந்தால் முதுகையும் பாருங்கள்

மார்ச் 4, பொள்ளாச்சி

காலையில் ஆனைமலைப் பக்கமிருந்து ஒருவரை வேனில் உட்கார வைத்தே கூட்டிவந்தார்கள். தேங்காய் போட ஏறியவர், மரத்திலிருந்து விழுந்துவிட்டார். "குதிகால் மட்டும்தானுங்க அம்மிணி, வேற ஒன்னுமில்லீங்க" என்றார். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு உடைந்திருந்தால் அடுத்து முதுகைத்தான் பார்க்க வேண்டும். அந்த அதிர்ச்சி காலோடு நிற்காது, மேலேறி முதுகெலும்பில் போய் இறங்கும்.

தலையும் உடம்பும் காலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து உருட்டித் திருப்பினோம். டாக்டர் ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தார். விலா முடிகிற மட்டத்தில் கை பட்டதும் மனிதர் கத்திவிட்டார். நெஞ்சுப் பகுதியின் 12 முள்ளெலும்புகள் விலாக்கூட்டோடு சேர்ந்து இறுகி நிற்பவை. இடுப்பின் 5 நன்றாக வளையக்கூடியவை. இரண்டும் சேரும் இடத்தில்தான் முறிவு அதிகம் வரும்.

எக்ஸ்ரேயில் இடுப்பின் முதல் எலும்பு உயரம் குறைந்து தெரிந்தது, அவ்வளவுதான். சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் எலும்பு நொறுங்கி, ஒரு துண்டு தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) இருக்கும் குழாய்க்குள் தள்ளியிருப்பது தெரிந்தது.

மார்ச் 4, இரவு

கால் அசைகிறது என்று வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. தொடையைத் தூக்குவது, முழங்காலை நீட்டுவது, பெருவிரலை மேலே மடக்குவது, பாதத்தைக் கீழே அழுத்துவது என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நரம்பு. அதற்கும் மேலாக, சிறுநீர் போனதா, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். பலர் கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். இந்த அண்ணனுக்குக் காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. பை நிறைந்தும் உணர்வே இல்லை. எலும்பு நொறுங்கிய இடம்தான் தண்டுவடம் முடிந்து நரம்புகள் கற்றையாக இறங்கும் இடம். சிறுநீர் போகக் குழாய் போட்டு, எம்ஆர்ஐக்கும் அறுவை சிகிச்சைக்கும் உடனே கோவைக்கு அனுப்பினோம்.

மார்ச் 7

ஆபரேஷன் முடிந்ததாம். சிறுநீர் உணர்வு திரும்புமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 9

டவுன் பஸ் கடைசி சீட்டில் வந்த ஒரு ஆத்தா. வேகத்தடையில் தூக்கிப் போட்டதிலிருந்து முதுகு வலி. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தியிருக்கிறார். "படுத்தாச் சரியாப் போயிருது, எந்திரிச்சாத்தான் வலிக்குது கண்ணு" என்றார். எலும்பு தேய்ந்த வயதில் இந்த வலியை வாயு என்று ஒதுக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு ஒன்று முன்பக்கம் நசுங்கியிருந்தது.

மார்ச் 12

தோப்பு வேலைக்காரர்களிடம் பேசப் போயிருந்தேன். விழுந்தவரைக் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், 108 வரும்வரை அங்கேயே அசையாமல் படுக்க வையுங்கள் என்றேன். "குடிச்சிருந்தவன் வலியே இல்லீன்னா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. போதையிலோ மயக்கத்திலோ இருந்தாலும், வேறு பெரிய காயம் இருந்தாலும் முதுகு வலி தெரியாமல் போகும். அவரையும் முதுகு உடைந்தவராகவே நினைத்துக் கொண்டுவரச் சொன்னேன்.