பாண்ட் அறையில் ஒரு நீண்ட சுரம்

கல்லூரி மைதானத்தின் மேற்கு மூலையில், விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் எங்கள் பாண்ட் அறை இருந்தது. 1973இல் நான் எட்டாம் வகுப்பு. டிரம்கள், பியூகிள்கள், நாலைந்து கிளாரினெட்டுகள், இவற்றோடு ஒரேயொரு ஆல்டோ சாக்ஸபோன். மெருகு போய்ப் பித்தளை பச்சை பிடித்திருந்தது. வாசிக்க வேறு ஆளில்லாததால் அது எனக்கு வந்தது.

பாண்ட் மாஸ்டர் பொலிஸ் பாண்டில் வாசித்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர். முதல் நாள் வாத்தியத்தை என் கையில் தரவில்லை. யன்னல்களைச் சாத்திவிட்டு, நீண்ட வயரில் கட்டிய டோர்ச் பல்ப் ஒன்றைக் குழலுக்குள் இறக்கினார். துளைகளை மூடியிருந்த மெத்தை மூடிகளான பேட்களின் ஓரத்தால் வெளிச்சம் கசிந்த இடங்களையெல்லாம் சோக்கால் குறித்தார். "காத்து ஒழுகினா நீ எவ்வளவு ஊதினாலும் கீழ்ச்சுரம் பேசாது தம்பி" என்றார். அந்தப் பேட்களைச் சரிசெய்ய அவருக்கு இரண்டு கிழமை பிடித்தது. அதுவரை நான் மவுத்பீஸை மட்டும் ஊதினேன்.

ஆல்டோ மவுத்பீஸைக் கழற்றித் தனியே ஊதினால் ஏ சுரம் வரவேண்டும், 880 ஹேர்ட்ஸ். சுரத்தை அளந்து காட்டும் ட்யூனர் அந்த நாளில் ஏது? மண்டபத்துப் பியானோவில் அந்தக் கட்டையை அழுத்திவிட்டு ஊதச் சொல்வார். எனக்கு எப்போதும் மேலே போய்விடும். மவுத்பீஸில் அதிரும் மெல்லிய நாணல் தகடான றீட்டைக் கடித்துப் பிடித்ததுதான் காரணம். கடித்தால் றீட்டுக்கு அதிர இடமில்லை. சுரம் ஏறும், நாதம் மெலிந்து கீச்சிடும். மூக்குக்கண்ணாடி துடைக்க ஆவி ஊதுவோமே, அப்படித் தொண்டையைத் திறந்து, உதட்டோரங்களை மட்டும் இறுக்கி, தாடையைத் தளர விடச் சொன்னார். இப்போதும் வாத்தியத்தை எடுத்தால் முதல் இரண்டு நிமிடம் எனக்கு அந்த ஏ சுரம்தான்.

அதற்குப் பிறகு ஒரு முழு வருடம் நீண்ட சுரங்கள். மெலிதாகத் தொடங்கிப் பெரிதாக்கி, மறுபடியும் மெலிதாக்கி முடிக்கவேண்டும். பலமாக ஊதும்போது சுரம் இறங்கப் பார்க்கும், மெலிதாக்கும்போது ஏறப் பார்க்கும். இரண்டையும் விடாமல் இருபது வினாடி நிற்கவேண்டும். நடு சி ஷார்ப்பில் விரல் ஒன்றும் மூடுவதில்லை, அதனால் அது மெலிந்து ஒலிக்கும். அடுத்த டி சுரத்தில் ஏறக்குறைய எல்லாம் மூடி, நாதம் அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டு சுரமும் ஒரே ஆளின் குரல்போலக் கேட்கும்வரை அவர் பாட்டு எதுவும் தரவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடையில் மற்றப் பிள்ளைகள் வாசிக்க, நான் சிம்பல் தட்டினேன். அழுகை வந்தது.

இலங்கை வானொலிப் பாட்டுகளில் சாக்ஸபோன் குழைந்து நடுங்குவதைக் கேட்டு, நானும் ஒருநாள் சுரத்தை ஆட்டிப் பார்த்தேன். கை காட்டி நிறுத்தினார். "முதல் நேரா நிண்டு காட்டு. ஆடுறது பிறகு."

அப்புறம் பியூகிள் பாடம். பியூகிளில் சாவியே இல்லை. உதடும் மூச்சும்தான் சுரத்தை மாற்றும். சாக்ஸபோனில் ஆகக் கீழே உள்ள பி ஃப்ளாட்டைப் பிடித்து, விரலை அசைக்காமல், தொண்டையையும் நாக்கின் நிலையையும் மட்டும் மாற்றி அதே பியூகிள் வேலையைச் செய்யச் சொன்னார். முதலில் ஒரு ஸ்தாயி மேலே பி ஃப்ளாட், அதற்கு மேல் எஃப், பிறகு மறுபடியும் பி ஃப்ளாட். வந்த எஃப்பை உடனே வழக்கமான விரலில் வாசித்து, இரண்டையும் ஒப்பிடவேண்டும். கீழ்க்குழாய் முழுதும் அதிர்ந்து வந்த எஃப் கனமாக இருக்கும், வழக்கமான விரலின் எஃப் அதற்கு முன்னால் வெறுமையாகக் கேட்கும். அந்தக் கனத்தை இதற்குள் கொண்டுவருவதற்கு நான் அறிந்த பயிற்சிகளில் இதைவிட நல்லது இல்லை.

அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். ஒரு றீட்டை மாதக்கணக்கில் ஊதுவோம். மெலிந்து போனால் மாஸ்டர் நுனியை ஒரு மயிரளவு வெட்டுவார், திரும்பவும் கொஞ்சம் விறைப்பு வரும். நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பேணுவதுபோல அதைத் தண்ணீரில் நனைத்து, துடைத்து, தீப்பெட்டிக்குள் வைத்துப் பேணினோம்.

1985இல் லண்டன் வந்து, பழைய யமஹா ஆல்டோ ஒன்று வாங்கி, ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆறேழு வருடம் வாத்தியம் தொடாத உதடு. அந்தப் பலவீனத்தை மறைக்க ஒவ்வொரு சுரத்தையும் ஆட்டி வாசித்தேன். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் கசட்டில் பதிவுசெய்து போட்டுக் காட்டினார். கிழவர் ஒருவரின் கைநடுக்கம்போல இருந்தது. வீட்டுக்கு வந்து கீழ் பி ஃப்ளாட்டில் இருந்து மறுபடியும் தொடங்கினேன்.

சுரத்தை அளவாக ஆட்டும் வைப்ராட்டோவை முறையாகக் கற்றது அதற்கு ஒரு வருடம் கழித்து. புல்லாங்குழலில் அது மூச்சால் வரும். சாக்ஸபோனில் தாடையால். "யா யா யா" என்று சொல்லும் அளவுக்கே தாடை அசையவேண்டும். சுரம் சற்று இறங்கித் தன் இடத்துக்குத் திரும்பவேண்டும், மேலே போகக்கூடாது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு, பிறகு மூன்று, பிறகு நாலு. நாலு சமமாக வந்தபின் வேகத்தை 76க்குக் கூட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து அசைவு. பிரெஞ்சுக்காரர் மார்சல் மூல் வாசித்தது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். 1942இல் பாரிஸ் கொன்சர்வத்துவாரில் சாக்ஸபோன் வகுப்பு மறுபடி தொடங்கியபோது அதற்குப் பேராசிரியரானவர் அவர். ஜாஸ் வேறு வழி. கோல்மன் ஹாக்கின்ஸ் அகலமாக ஆட்டுவார், லெஸ்டர் யங் சுரத்தை நேராக விட்டுக் கடைசியில் மட்டும் லேசாக அசைப்பார். எனக்கு யங்கின் வழிதான் பிடிக்கும். நேரே நின்ற சுரம் முடிவில் அசையும்போது அந்த அசைவுக்கு ஒரு காரணம் இருப்பதுபோலக் கேட்கிறது.

1994இல் கத்ரி கோபால்நாத் லண்டன் பிபிசி ப்ரொம்ஸ் இசைவிழாவில் வாசித்தார். ஒரு ஆல்டோ சாக்ஸபோனில் கர்நாடக இசை. அவர் கமகங்களில் சுரம் எவ்வளவோ அசைந்தது. ஆனால் கமகம் ராகம் கேட்கும் அசைவு, ஒவ்வொரு சுரத்துக்கும் வேறு வேறு. வைப்ராட்டோபோல எல்லாவற்றிலும் ஒரே அளவாகப் பூசுவதில்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள். அவர் ஸட்ஜத்தில் வந்து நின்றபோது ஒரு மயிரிழையும் ஆடவில்லை. நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் கண்மூடி நிற்கும் எங்கள் மாஸ்டர், "நேரா நில்" என்ற சொல்லை எங்கே இருந்து எடுத்தார் என்று எனக்கு அங்கே விளங்கியது.

போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபின் 2003இல் ஊருக்குப் போய் மாஸ்டரைக் கண்டேன். ஒரு பெட்டி றீட் கொண்டுபோயிருந்தேன், இரண்டரை நம்பர், பத்து. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பிள்ளைகளிட்டக் குடு" என்று திருப்பித் தந்தார். நான் அதைப் பாண்ட் அறையில் கொடுத்தேன். பழைய ஆல்டோ அங்கேதான் இருந்தது. பேட்கள் காய்ந்து வெடித்திருந்தன.

நமது பழைய மாணவர் சங்கம் கல்லூரிப் பாண்டுக்குப் புது வாத்தியங்கள் அனுப்புவது மெத்த நல்ல காரியம். அவற்றோடு ஆண்டுதோறும் றீட், மாற்றுப் பேட்கள், ஒரு ட்யூனர், குழலுக்குள் இறக்கும் ஒரு சின்ன விளக்கு ஆகியவற்றையும் அனுப்பும்படி செயற்குழுவை அன்போடு கேட்கிறேன். இந்த வருடத்துக்கானதை நான் தருகிறேன்.